தைராய்டு மாத்திரையின் பவர் மாறிய பிறகு வரும் தொந்தரவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைராய்டு குறைவாகச் சுரப்பதால் தினமும் காலையில் மாத்திரை போடுகிறவர்களுக்காக எழுதியது இது. கடையில் தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருக்கும் மருந்து லெவோதைராக்சின்தான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "50-க்குப் பதிலா இனிமே 75 போடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் கிளம்பும். நேரில் பார்த்து மருந்து எழுதும் டாக்டரின் இடத்தை இந்தப் பதில்கள் பிடிக்க முடியாது. ஆனால் எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெளிவாகும்.

பவர் ஏற்றி இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் நெஞ்சு படபடக்கிறதே, மாத்திரையாலா?

இந்த மருந்து உடம்பில் மிக மெதுவாக வேலை செய்யும் மருந்து. இன்று போட்ட மாத்திரையில் பாதி ஒரு வாரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதனால் 50-லிருந்து 75-க்கு மாறிய மறுநாளே உடம்பு 75-க்கு வந்துவிடுவதில்லை. முதல் நாளில் அந்த வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும். ஒரு வாரத்தில் பாதி, இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு, ஐந்து வாரம் ஆகும்போதுதான் கிட்டத்தட்ட முழுமையாக ஏறும்.

ஆகவே இரண்டாம் நாள் படபடப்புக்கு மாத்திரை மட்டுமே காரணமாக இருப்பது அரிது. ரத்தசோகை, தூக்கக் குறைவு, கூடுதல் காபி, புது மாத்திரையைப் பற்றிய பயம் எல்லாமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதற்காக "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே இதயத்தில் கோளாறு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சிறு மாற்றமே தெரியும். நாடியை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை கூடிப்போனதால் வரும் தொந்தரவு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்திலிருந்துதான் தலைகாட்டும். கை நடுங்குவது, வேர்த்துக் கொட்டுவது, புழுக்கம் தாங்காமல் போவது, அடிக்கடி வயிறு போவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, ராத்திரி தூக்கம் பிடிக்காதது, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது என்று அது வரும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான ஆறு வாரம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். போன் செய்து கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள் எவை?

நெஞ்சு வலி, நெஞ்சை அழுத்துவது போன்ற பாரம், மூச்சுத்திணறல், மயக்கம், நிற்காத தாறுமாறான துடிப்பு. இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைராய்டு மாத்திரையின் பவர் எப்போது மாறியது என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். குழந்தை யாராவது பாட்டிலைத் திறந்து மாத்திரைகளை விழுங்கியிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அப்போதே கூட்டிப்போக வேண்டும். விளைவு சில நாள் கழித்துத் தெரியக்கூடும்.

வெறும் 25தானே கூட்டினார்கள். இவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

தெரியலாம். 100 போடுகிறவருக்கு 25 கூட்டினால் அது கால் பங்கு உயர்வு. 50 போடுகிறவருக்கு அதே 25 பாதிப் பங்கு உயர்வு. இந்த மருந்தின் அளவு மைக்ரோகிராமில் சொல்லப்படுகிறது, அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துளி. அந்த அளவிலேயே உடம்பு வித்தியாசத்தை உணரும்.

50-லிருந்து 75 தாங்கவில்லை என்றால் நடுவில் 62.5 கிடைக்கிறது. 88, 112 போன்ற அளவுகளும் உண்டு. மருந்து ஒரு வாரம் தங்குவதால், ஒரு நாள் 50, மறுநாள் 75 என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. "இது ஒத்துக்கலை, நடுவுல ஒரு பவர் இருக்கா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் நீங்களாகவே பழைய பவருக்குத் திரும்பிவிட்டு, அதைச் சொல்லாமல் அடுத்த பரிசோதனைக்குப் போகாதீர்கள். அந்த ரிப்போர்ட் எந்த அளவுக்கு உரியது என்று டாக்டருக்குத் தெரியாது. தப்பான முடிவு வந்து, உங்களுக்குத்தான் மறுபடியும் கஷ்டம்.

மூன்றாம் வாரமே ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. நாம் பார்க்கும் டிஎஸ்எச், தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது கூடும், ஹார்மோன் கூடினால் அது குறையும். ரத்தத்தில் மருந்தின் அளவு நிலைத்த பிறகுதான் அது நிதானமாகத் தன்னை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் 6 முதல் 8 வாரம் என்கிறார்கள். மூன்றாம் வாரத்து எண்ணைப் பார்த்துப் பவரை மாற்றி, அடுத்த மாதம் மறுபடி மாற்றி, இப்படியே ஏற்றமும் இறக்கமுமாக ஒரு வருடம் அலைந்தவர்கள் நிறைய. கடுமையான தொந்தரவு இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மட்டும் டாக்டரே முன்கூட்டிப் பார்க்கச் சொல்வார்.

பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே லேபுக்கு, ஏறக்குறைய ஒரே காலை நேரத்தில் போங்கள். டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும் மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது. மாத்திரை போட்ட சில மணி நேரம், ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவு கொஞ்சம் உயர்ந்து காட்டும்.

பவர் மாற்றிய பிறகு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. பயோட்டின் மாத்திரை எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் முடி. உடம்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்தால் முடி அன்றே கொட்டாது. வேர் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். ஆக இன்று சீப்பில் வருவது இன்றைய மாத்திரையால் என்பதைவிட, மூன்று மாதத்துக்கு முன் தைராய்டு சரியாக இல்லாமல் இருந்ததால் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அளவு சரியான பிறகும் முடி பழையபடி அடர்த்தியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இதற்குள் இரும்புச்சத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்களுக்கு, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) குறைவு தனியாகவே முடியைக் கொட்ட வைக்கும்.

இப்போது பயோட்டின் என்ற பி வகை விட்டமின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் இது 5 அல்லது 10 மில்லிகிராம் வரை இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல இது நூறு மடங்குக்கும் மேல். பல லேப்களின் தைராய்டு பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பொருளாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டக்கூடும். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு மாத்திரை அதிகமாகிவிட்டதாகத் தோன்றும், பவரைக் குறைப்பார். உண்மையில் குறைக்க வேண்டியதே இல்லை. பவர் குறைந்தால் முடி இன்னும் கொட்டும், நீங்கள் இன்னொரு டப்பா பயோட்டின் வாங்குவீர்கள். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். எடுத்துக்கொண்டிருப்பதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள். மல்டிவிட்டமின் பாட்டிலின் பின்பக்கத்தையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

பவரைக் குறைத்தார்கள். இப்போது அசதி தாங்கவில்லை. பழைய பவர்தான் எனக்குச் சரியோ?

குறைத்த பிறகு வரும் அசதியும் இரண்டு மூன்று வாரம் கழித்தே வரும். மலச்சிக்கல், சருமம் வறண்டுபோவது, குளிர் தாங்காதது, மறதி, முகம் லேசாக உப்பியது போல இருப்பது ஆகியவை கூடவே வந்தால் உண்மையிலேயே அளவு போதவில்லை என்று இருக்கலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. அதிக அளவில் பல மாதம் இருந்த உடம்புக்கு அந்த வேகம் பழகியிருக்கும். அது சரியான அளவுக்கு இறங்கும்போது சில வாரம் மந்தமாகத்தான் தோன்றும்.

அதிக அளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதற்காக அதையே தொடரக் கூடாது. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரின் மக்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் டிஎஸ்எச் மிகக் குறைவாக, 0.1 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களுக்கு, இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் சுமார் மூன்று மடங்கு அதிகமாக வந்தது தெரிந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும். இவை எதுவும் நமக்குத் தெரிந்து நடப்பதில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு டாக்டர்களே வேண்டுமென்றே டிஎஸ்எச்-ஐக் குறைவாக வைப்பார்கள். அவர்களுடைய கணக்கு வேறு. அவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தாங்களே மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

மாத்திரையைச் சரியாகத்தான் போடுகிறேன். ஆனாலும் பவர் ஏறிக்கொண்டே போகிறதே?

"சரியாக" என்பதைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் காலை மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே பத்து நிமிடம்கூட இருப்பதில்லை. காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பாலிலுள்ள கால்சியமும் அப்படியே. வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, காபிக்கும் இட்லிக்கும் முன் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விட வேண்டும்.

கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற டானிக் ஆகியவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கேஸ் தொந்தரவுக்கு மாதக்கணக்கில் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போடுகிறவர்களுக்கும் உறிஞ்சுதல் குறையலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ஆகியவை மருந்தின் தேவையையே கூட்டும். இவற்றில் எதையாவது புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் தைராய்டு டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இது ஏன் பக்கவிளைவைப் பற்றிய பக்கத்தில் வருகிறது? காபியோடு போட்டுக்கொண்டிருந்தபோது 100 தேவைப்பட்டவர், திடீரென்று ஒழுங்காக வெறும் வயிற்றில் போடத் தொடங்கினால் அதே 100 அவருக்கு அதிகமாகிவிடும். பழக்கத்தைத் திருத்திக்கொள்வதும் பவர் மாறியதற்குச் சமம்தான். அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள்.

காலை அவசரத்தில் முடியவே இல்லை என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு படுக்கப்போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நோன்பு மாதத்தில் பலரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

பவர் அதேதான், ஆனால் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகு உடம்பு சரியில்லை. இது சாத்தியமா?

சாத்தியம்தான். மருந்து ஒன்றே என்றாலும் கூடச் சேர்க்கும் மாவுப் பொருள்களும், அது கரைந்து உறிஞ்சப்படும் விதமும் மாறலாம். பிரான்சில் 2017 மார்ச்சில் லெவோதைராக்ஸ் என்ற மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்தின் வீரியம் நீண்ட நாள் மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் அசதி, தலைவலி, தலைசுற்றல், முடி கொட்டுதல் என்று பல்லாயிரக்கணக்கான நோயாளிகள் புகார் செய்தார்கள். அந்த ஆண்டே பழைய கலவையை மறுபடி கொண்டுவந்து கிடைக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

ஒரே கம்பெனி மாத்திரையிலேயே இருங்கள். கடையில் "இதுவும் அதேதாம்மா" என்றால், பழைய பாட்டிலைக் காட்டி அதையே கேளுங்கள். வேறு வழியில்லாமல் மாற்ற நேர்ந்தால் ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். மாத்திரையை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். அடுப்பு மேடைக்குப் பக்கத்து அலமாரி அதற்கு ஏற்ற இடமல்ல.

எடை ஏறிவிட்டது. பவரைக் கூட்டினால் இறங்குமா?

தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நாலரை கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். அளவு சரியானதும் அது இறங்கும், மீதியை மாத்திரை இறக்காது. எடை குறைய வேண்டும் என்று இந்த மாத்திரையைக் கூட்டிப் போடுவது ஆபத்தான காரியம். யார் ஆலோசனை சொன்னாலும் செய்யாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது பவரைக் கூட்டினார்கள். குழந்தைக்குப் பயமா?

பயப்பட வேண்டியது அளவு போதாமல் போவதற்குத்தான். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்குக் கர்ப்பத்தில் தேவை கால் பங்கு முதல் பாதி வரை கூடுவது வழக்கம். நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.

போட்ட உடனே வாந்தி வந்தால் மாத்திரை வீணாகிவிடலாம். போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தியெடுத்தால் என்ன செய்வது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே கையில் வைத்து விழுங்காதீர்கள். அவை மதியத்துக்கும் ராத்திரிக்கும் இருக்கட்டும். பிரசவம் முடிந்ததும் தேவை பழைய அளவுக்கு இறங்கும். கர்ப்பகாலப் பவரையே தொடர்ந்து போட்டுவிட்டு, படபடப்பையும் தூக்கமின்மையையும் குழந்தை வளர்ப்பின் களைப்பு என்று நினைத்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. ஆறாம் வாரம் ஒரு பரிசோதனை அவசியம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு நாள் மறந்துவிட்டேன். மறுநாள் இரண்டு போடலாமா?

அன்றைக்கே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள். ஒரு நாள் விட்டதால் ஒன்றும் ஆகிவிடாது.

அம்மாவுக்கு 74 வயது. டிஎஸ்எச் 5.5 வந்தும் டாக்டர் பவரைக் கூட்டவில்லை. கவனிக்காமல் விட்டாரா?

இல்லை, கவனித்துத்தான் விட்டிருப்பார். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு டிஎஸ்எச் 4 முதல் 6 வரை இருந்தாலும் பொதுவாக ஏற்கத்தக்கதே. அந்த வயதில் மருந்து கொஞ்சம் குறைவாக இருப்பதைவிடக் கூடுதலாகிப் போவதுதான் இதயத்துக்கும் எலும்புக்கும் கெடுதல். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் போடுகிறவர் என்றால் ஒரு முக்கியமான விஷயம்: தைராய்டு பவர் ஏறினால் வார்ஃபாரினின் வேகமும் கூடும், ரத்தக்கசிவு வரலாம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கும் அதன் தேவை மாறலாம். வீட்டில் மீட்டர் இருந்தால் அந்த ஆறு வாரமும் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

காத்திருக்கும் வாரங்களில் வீட்டில் என்ன செய்யலாம்?

படபடப்பும் தூக்கமின்மையும் இருந்தால் மதியத்துக்கு மேல் காபி, டீயை நிறுத்துங்கள். மூச்சு வாங்கும் உடற்பயிற்சியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, சாயங்காலம் மெதுவாக நடந்தால் போதும். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, வாழைத்தண்டு, தண்ணீர். முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் பலர் தைராய்டுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒரு கெடுதலும் இல்லை.

வீட்டிலிருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். எரிச்சலும் அழுகையும் வரும்போது "இவளுக்கு என்னாச்சு" என்று கேட்கிறவர்களுக்கு, மருந்து மாறியிருக்கிறது என்று தெரிந்தாலே பாதிச் சச்சரவு குறையும்.

டிஎஸ்எச் நார்மல் என்கிறார்கள். எனக்கு மட்டும் சரியாகவில்லையே?

உங்கள் அசதி உண்மை, ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, விட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறட்டையோடு விட்டுவிட்டு மூச்சு நிற்பது, மனச்சோர்வு ஆகியவையும் இதே அசதியைத் தரும். எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் போட்டுவிட்டுப் பவரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் உண்மையான காரணம் அப்படியே இருந்துவிடும்.

எனக்கு தைராய்டு அதிகம், கார்பிமசோல் போடுகிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது, அது வேறு மருந்து. ஒன்றை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் போடும்போது காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பார்த்து வெள்ளை அணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அரிதாக அவை அபாயகரமாகக் குறைந்துவிடும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பவர் மாறிய தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி, காலை நாடித்துடிப்பு, வாரம் ஒருமுறை எடை. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "கொஞ்ச நாளா சரியில்ல டாக்டர்" என்பதைவிட "மூன்றாம் வாரத்திலிருந்து கை நடுங்குது, துடிப்பு 98" என்பது அவருக்கு அதிகம் சொல்லும். பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது போடும் மாத்திரை பாட்டில், மற்ற எல்லா மாத்திரைகள், நாட்டு மருந்து, சத்து மாவு வரைக்கும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிளம்பும் முன், அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில், அதற்குள் தொந்தரவு வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்று இரண்டையும் கேட்டுச் சீட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.